ஆரம்ப எடை

"நீங்க எலியைக் காப்பாத்துற டாக்டரா, இல்ல கொல்ற டாக்டரா?"

சின்னவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்றே பெரியவளிடம் கேட்ட கேள்வி இது. கூடம் நிறைய உறவுக்காரர்கள். வாய் முந்திக்கொண்டதை உணர்ந்து அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியவள் கையிலிருந்த டீத் தட்டைக் கீழே வைக்காமலே, "ரெண்டும்தான்" என்றாள். கூடமே சிரித்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. வாயில் எதையாவது போட்டு மெல்லும் நேரத்தில் எலிப் பேச்சு எடுக்கக் கூடாது என்று அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வந்த அன்றே ஒருத்தி அதை மீறிவிட்டாளே, இனி இரண்டு பேரையும் எப்படி அடக்குவது என்று அவருக்குக் கவலை.

கவலைப்பட்டதில் தப்பில்லை. ஓரகத்திகள் எப்போது முட்டிக்கொள்வார்கள் என்று காத்திருந்த உறவுக்காரர்கள் காத்துக் காத்து அலுத்துப்போனார்கள். பெரியவள் பல்கலைக்கழகத்தின் விலங்குக் கூடத்தில் கால்நடை மருத்துவர். சின்னவள் அதே வளாகத்தில், மருந்தியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. காலையில் ஒரே பேருந்தில் போனார்கள், ஒரே பேருந்தில் திரும்பினார்கள், இரவில் பாத்திரம் கழுவும்போது ஒருத்தி தேய்க்க ஒருத்தி அலச, எலிப் பேச்சுத்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஓர் அச்சகம் நடத்தினார்கள். வீட்டுக்கு வந்தால் இந்த இரண்டு பெண்களின் பேச்சில் புகுந்துகொள்ள இடம் கிடைக்காமல் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பேச்சு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நின்றது. சின்னவள் தன் ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டு மனுப் போட்ட விஷயத்தில்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த உயிரின் மேல் கை வைப்பதென்றாலும் நெறிக்குழு சம்மதிக்க வேண்டும். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு ஒரு குழு, விலங்குகளை வைத்துச் செய்வதற்கு இன்னொரு குழு. இரண்டுக்கும் ஒரே மேசை, ஒரே பிஸ்கட் தட்டு, ஒரே தலைவர். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. எல்லோரும் அவரை நீதிபதியம்மா என்றே கூப்பிட்டார்கள். மனிதர்கள் குழுவில் தனக்குக் கொஞ்சம் கண் சொக்கினாலும் பரவாயில்லை, அங்கே வேண்டாம் என்று சொல்ல வாய் இருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், இந்தக் குழுவில்தான் விழித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று அவர் அடிக்கடி சொல்வார். பெரியவள் விலங்குகள் குழுவில் ஓர் உறுப்பினர்.

உறவுக்காரர் மனு வந்தால் உறுப்பினர் அதைத் தொடக் கூடாது என்பது குழுவின் விதி. படிக்கக் கூடாது, பேசக் கூடாது, அது முடிகிற வரை அறையில் இருக்கவும் கூடாது. சின்னவளின் மனு வந்த அன்று, யாரும் கேட்கும் முன்பே பெரியவள் எழுந்து, "இது என் ஓரகத்தியோட மனு" என்று சொல்லிவிட்டு வராந்தா பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பதிலாகப் பல்கலைக்கழகப் பால் பண்ணையின் மாட்டு டாக்டரை உட்காரவைத்தார்கள். நல்ல மனிதர், கைராசிக்காரர் என்று பெயர். சோதனை தொடங்கிய பிறகும் அந்த ஓர் அறையை மட்டும் அவரே பார்த்துக்கொள்வது என்று முடிவானது.

வீட்டிலும் பெரியவள் அந்த விதியை இம்மி பிசகாமல் பிடித்துக்கொண்டாள். சின்னவள் கூடத்தில் உட்கார்ந்து மனுவைத் தட்டச்சு செய்தால், இவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போவாள். இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றுவிட்டதோ என்று மாமியார் ஒருநாள் மகன்களைக் கூப்பிட்டு ரகசியமாக விசாரித்தார்.

மனு நிறைவேறியது. "பாஸாயிடுச்சுக்கா" என்று வராந்தாவில் சின்னவள் இவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்புக்கு மருந்து என்பது மட்டும்தான் பெரியவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு பண்ணையில் மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் பருவம் வந்தது. மாட்டு டாக்டரால் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. அந்த அறைக்கும் சேர்த்துத் தண்ணீர், தீனி, காற்று சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடும்படி அவர் பெரியவளுக்குச் சொல்லி அனுப்பினார். அவ்வளவுதானே என்று அவளும் போனாள்.

விலங்குக் கூடத்தில் எந்த அறைக்கும் இரண்டு கதவுகள். முதல் கதவுக்கும் இரண்டாவது கதவுக்கும் நடுவில் நின்று மேலங்கி, தொப்பி, முகமூடி, கையுறை, காலுறை எல்லாம் மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே மங்கலான சிவப்பு விளக்கு. எலிகளின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் அதை இரவு என்று நினைத்து அவை விளையாடும். பழகியவர்களுக்கு அறைக்குள் நுழைந்ததுமே காதுதான் முதலில் வேலை செய்யும். நலமாக இருக்கிற எலிகள் சும்மா இருக்காது. கூண்டில் போட்ட காகிதப் பட்டைகளைப் பற்களால் கிழித்துக் கிழித்துப் படுக்கை கட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சரசரப்பு மெல்லிய மழைபோலக் கேட்கும்.

இடப்பக்க அடுக்கில் அந்த மழை பெய்துகொண்டிருந்தது. வலப்பக்க அடுக்கில் சத்தமே இல்லை.

பெரியவள் வலப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். காகிதப் பட்டைகள் போட்டபடியே கிடந்தன. குட்டிகள் மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு, மயிர் சிலிர்த்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருந்தன. கண்களைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை. எலிக்கு அது கண்ணீர் மாதிரி. உடம்புக்கு ஆகாதபோது வரும். அவள் விரலைக் கம்பிக்குள் நீட்டினாள். இடப்பக்கத்துக் குட்டிகளாக இருந்தால் ஓடி வந்து மோந்து பார்த்திருக்கும். இவற்றில் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்துக்கொண்டது.

கூண்டில் தொங்கிய அட்டையைப் படித்தாள். இந்த அடுக்கு, மருந்தை அதிக அளவில் கொடுத்த குட்டிகள். எதிர் அடுக்கில் மருந்தே கொடுக்காதவையும் குறைவாகக் கொடுத்தவையும். எந்த எலியாவது ஆரம்ப எடையில் ஐந்தில் ஒரு பங்கு இளைத்துப்போனால் அதைச் சோதனையிலிருந்து எடுத்து வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்று அனுமதியில் எழுதியிருந்தது. எல்லா மனுவிலும் எழுதுகிற வாசகம்தான். எடைகளைப் பார்த்தாள். ஒரு குட்டிகூட இளைக்கவில்லை. ஆரம்பத்தில் இருந்ததைவிட ஒரு மயிரிழை கூடியே இருந்தன.

எங்கே தப்பு என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. நிமிர்ந்து எதிர் அடுக்கைப் பார்த்தபோதுதான் உறைத்தது. எல்லாம் ஒரே நாளில் பிறந்த குட்டிகள். பால்குடி மறந்த கையோடு கொண்டுவந்தவை. அங்கே இருந்தவை உள்ளங்கை கொள்ளாமல் வளர்ந்திருந்தன. இங்கே இருந்தவை வந்த அன்று எப்படியோ அப்படியே. ஒன்றாம் வகுப்பில் தைத்த சட்டை ஐந்தாம் வகுப்பிலும் பிள்ளைக்குச் சரியாக இருந்தால், எடை குறையவில்லையே என்று எந்தத் தாயாவது நிம்மதியாக இருப்பாளா? வளருகிற குட்டியை அதன் ஆரம்ப எடையோடு ஒப்பிட்டிருந்தார்கள். அதே வயதுக் குட்டியோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அப்படி ஒப்பிட்டால் இவை ஐந்தில் ஒரு பங்கை எப்போதோ தாண்டிவிட்டன.

ஒரு மாட்டு டாக்டருக்கு இது தோன்றாது. அவரிடம் வருகிறவை பெரும்பாலும் வளர்ந்து முடிந்த கறவை மாடுகள். எலி டாக்டர் ஒருத்தி அந்த அறையில் இருந்திருந்தால் தோன்றியிருக்கும். அவளைத்தான் விதி வராந்தாவில் உட்காரவைத்திருந்தது.

அவள் நேராக மருந்தியல் துறைக்குப் போனாள். சின்னவள் குடுவைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சின்னவள் துடைக்கிற துணியை வைக்காமலே கேட்டாள்.

"உங்க கமிட்டிதானேக்கா பாஸ் பண்ணுச்சு?" என்றாள் கடைசியில். "நான் எதையும் மறைக்கலை. என்ன எழுதினேனோ அதைத்தான் செய்யறேன்."

"நீ மறைச்சேன்னு நான் சொல்லலை. எழுதினதே தப்பு. நீயும் கவனிக்கலை, பாத்தவங்களும் கவனிக்கலை."

"இன்னும் ஒரே வாரம். வார முடிவுல மூளை மின்பதிவு எடுத்துட்டா முடிஞ்சுது. இந்த அளவுலதான் வலிப்பு சுத்தமா நிக்குது. குறைஞ்ச அளவுல பாதிதான் நிக்குது. இந்த அடுக்கை எடுத்துட்டா என்கிட்ட என்ன இருக்கு சொல்லுங்க. மறுபடி முதல்லேர்ந்து."

"வலிப்பு நின்னுச்சுன்னு எழுதுவே. வளர்ச்சியும் நின்னுச்சே, அதை எந்தப் பக்கத்துல எழுதுவே?"

சின்னவள் ஒரு குடுவையை மறுபடி எடுத்துத் துடைத்தாள். "வலிப்பு வர்ற குழந்தையை நீங்க பாத்திருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவள் தாய்மாமன் மகளுக்கு அந்த வலிப்பு இருந்ததும், எட்டு வயதில் ஒரு காலைப்பொழுதில் குளியலறையில் விழுந்து எழுந்திருக்காமல் போனதும் பெரியவளுக்குத் தெரியும். அதனால் அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். நாளைக்குள் நீயே நிறுத்திவிடு, நீயே தப்பைக் கண்டுபிடித்து நிறுத்தியதாக இருக்கட்டும், அதுதான் உனக்கு நல்லது என்றாள். சின்னவள் துணியை மேசையில் எறிந்தாள்.

"வீட்ல அக்கா, இங்க டாக்டரு. இப்ப எந்த வாயால பேசறீங்க?"

"எனக்கு இருக்கிறது ஒரே வாய்தான்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் எழுந்துகொண்டாள்.

அவள் விலங்குக் கூடத்துக்குத் திரும்புவதற்குள் செய்தி சின்னவளின் வழிகாட்டிப் பேராசிரியரின் காதுக்குப் போய்விட்டது. எந்த நேரமும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் மாணவர்கள் அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபப்படவில்லை, குழைந்து குழைந்து பேசினார். உறவுக்காரர் கோப்பை டாக்டரம்மா தொடக் கூடாதே, தண்ணீர் பார்க்கப் போன இடத்தில் எடை பார்த்தது எப்படி என்றார். வீட்டுப் பிரச்சினையை வேலையிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டதாக நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் நன்றாகவா இருக்கும் என்றும் கேட்டார். அவள் நேர்மையாகப் பிடித்துக்கொண்டிருந்த விதியையே எடுத்து அவள் வாயில் பூட்டாகப் போட்டார்.

வலி தாங்காத விலங்கைக் கண்டால் யாரையும் கேட்காமல் சோதனையை நிறுத்தும் அதிகாரம் கூடத்தின் மருத்துவருக்கு உண்டு. கூடத்தின் எல்லா அறைகளிலும் அது அவளுடைய அதிகாரம். அந்த ஓர் அறையில் மட்டும் அது மாட்டு டாக்டருடையது. அவர் பண்ணையில். பண்ணையோ வளாகத்தின் மறுகோடியில்.

நிறுத்தியே தீருவது என்று அவள் அப்போது முடிவு செய்தாள். விதியை மீறி நிறுத்தக் கூடாது என்றும் அதே மூச்சில் முடிவு செய்தாள். மீறினால் பேச்சு எலியை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொள்ளும். நீதிபதியம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க கை வைக்காதீங்க. அவரு வந்து கண்ணால பாத்து நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடலாம். அவரை வரவைங்க, நானும் வரேன்" என்றார். மாட்டு டாக்டரைக் கூப்பிட்டால் மாடு கத்துகிற சத்தம்தான் கேட்டது. அடுத்த வாரம் வருகிறேன் என்று கத்திவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அன்று மாலை பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் நடுவில் சின்னவளின் பை உட்கார்ந்திருந்தது.

சாப்பாட்டு மேசையில் விஷயம் வெடித்தது. வீட்டுச் சட்டத்தை யாரும் மதிக்கவில்லை. ஒரு வாரம் அண்ணி கண்ணை மூடிக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும் என்றான் தம்பி. வீட்டில் பொறி வைத்துப் பிடிக்கிற எலிகளுக்கு யார் கூட்டம் போடுகிறார்கள் என்றான் அண்ணன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். எலிக்கு வக்கீலாக வாதாடுகிற நேரத்தில் வீட்டில் சமாதானம் பேசலாமே என்று தம்பி வேறு நக்கலடித்தான். பெரியவள் கணவனுக்கு மட்டும் பதில் சொன்னாள்.

"பொறியில விழற எலி நம்மளை நம்பி வரலைங்க. இதுங்களைப் பொறக்க வெச்சதே நாமதான். ராத்திரி பகல்கூட நாம போடற விளக்குதான் அதுங்களுக்கு."

தட்டுக் கழுவுகிற முறையில்தான் ஏதோ சண்டை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்த மாமியாருக்கு மெல்ல விஷயம் புரிந்தது. அவர் சின்னவளைப் பார்த்து, அந்தக் குட்டிகளுக்குப் பசிக்காதா என்று கேட்டார்.

"பசிக்காது அத்தை. மருந்து பசியை அமுக்கிடும்."

"பசிக்காத பிள்ளையை எப்படிம்மா வளக்கறது?" என்றார் மாமியார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கேட்டுவிட்டு அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். சின்னவள் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலை பெரியவள் முன்பே கிளம்பி, நேராகப் பண்ணைக்குப் போனாள். தகரக் கொட்டகையில் மாடுகள் வரிசையில் நின்றன. மாட்டு டாக்டர் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு ஊசியும் கையுமாக இருந்தார். அவளைக் கண்டதும், அடுத்த வாரம் என்றல்லவா சொன்னேன் என்பது போலக் கையை விரித்தார். ஆள் பற்றாக்குறை, பிடித்துக்கொடுக்க இருந்த ஒருவனும் காலில் மிதி வாங்கி வீட்டில் படுத்திருக்கிறான், மத்தியானத்துக்குள் இந்த வரிசையை முடிக்காவிட்டால் மருந்து கெட்டுவிடும் என்றார்.

"நான் பிடிச்சுக்கொடுக்கறேன். முடிச்சுட்டு வாங்க" என்றாள் அவள்.

"உங்க கைக்கு எலிதாம்மா லாயக்கு. இது தலையை ஆட்டினா நீங்க அடுத்த கொட்டகையில போய் விழுவீங்க."

"விழுந்தா எழுந்து வரேன்."

படிக்கிற காலத்தோடு அவள் மாட்டைத் தொடுவதை விட்டிருந்தாள். முதல் மாடு அவளைத் தூணோடு சேர்த்து நசுக்கியது. இரண்டாவது அவள் செருப்பை மிதித்துச் சேற்றில் புதைத்தது. மூன்றாவதுக்குள் பழைய பிடி நினைவுக்கு வந்துவிட்டது. மூக்குத் துவாரத்தில் விரலை விட்டு, தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொடுத்தாள். டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே நடுநடுவில் கேள்வி கேட்டார். ஆரம்ப எடையோடு ஒப்பிட்டதில் என்ன கோளாறு என்று அவருக்கு விளங்கவில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை. தான் சொல்லி அவர் நம்பினால் அது உறவுக்காரி சொன்னதாகிவிடும். அவர் கண்ணே சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

வரிசை முடிந்து, இருவரும் மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது நீதிபதியம்மா வாசலில் காத்திருந்தார். கடிகாரமும் சின்னவளும் ஒரு பக்கமாக நின்றார்கள். நீதிபதியம்மாவின் உயரத்துக்கு எந்த மேலங்கியும் எட்டவில்லை. முழங்காலோடு நின்றது. இத்தனை வருஷம் இந்த அறைகளுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தேன், ஒருநாளும் உள்ளே வந்ததில்லை என்று முகமூடிக்குள் முணுமுணுத்தார். பெரியவள் அவர்களோடு உள்ளே போகவில்லை. இரண்டு கதவுகளுக்கு நடுவில், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாட்டு டாக்டர் முதலில் அட்டையைத்தான் படித்தார். எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். பெரியவள் கண்ணாடியோடு நெருங்கி நின்றாள். பிறகு அவர் வலப்பக்கக் கூண்டு ஒன்றைத் தூக்கி நடு மேசையில் வைத்தார். இடம் இருந்ததால் இடப்பக்கத்திலிருந்தும் ஒன்றைத் தூக்கி அருகில் வைத்தார். இரண்டு அட்டைகளிலும் பிறந்த தேதியைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரே நாள்லயா பொறந்தது இதெல்லாம்?" என்று அவர் கேட்டது கதவுக்கு இந்தப் பக்கமும் கேட்டது. சின்னவள் ஆமாம் என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது அதிக நேரம் எடுக்கவில்லை. கடிகாரம் தன் பங்குக்கு வாதாடினார். அனுமதித்த வாசகத்தை மீறவே இல்லை, பாதி வழியில் விதியை மாற்றுவது நியாயமா என்றார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நீதிபதியம்மா அவரைக் கடைசி வரை பேசவிட்டார். பிறகு மாட்டு டாக்டரைப் பார்த்தார்.

"நான் மாட்டுக்காரன்மா" என்றார் அவர். "ஆரம்ப எடைன்னு படிச்சதும் கையெழுத்துப் போட்டுட்டேன். இது என் தலையில விடியட்டும், அந்தப் பொண்ணு தலையில இல்ல. ஆனா இந்த அடுக்கு இன்னைக்கே முடியணும்."

மற்ற அடுக்குகள் தொடரலாம், இனிமேல் ஒவ்வொரு குட்டியையும் அதே வயதுக் குட்டியோடு ஒப்பிட்டு நிறுக்க வேண்டும், அதிக அளவைச் சின்னவள் வேறு வழியில் யோசித்துப் புது மனுவாகக் கொண்டுவரட்டும் என்று முடிவானது. சின்னவளுக்கு அது இன்னும் ஒரு வருஷம். எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

யார் முடிப்பது என்ற கேள்வி வந்தது. மாட்டு டாக்டர் தன் கையை விரித்துக் காட்டினார். ஊசியைப் பிடிக்கிற கைதான், ஆனால் அந்தக் கைக்குள் இவ்வளவு சின்ன உடம்பு நிற்காது, வலிக்கச் செய்துவிடுவேன் என்றார். கூடத்தில் அதைச் செய்யத் தெரிந்தவள் ஒருத்திதான்.

"இதுக்கு மட்டும் உறவு தடையில்லையா?" என்றார் கடிகாரம்.

"முடிவு எங்களோடது. கை மட்டும்தான் அவங்களோடது" என்றார் நீதிபதியம்மா.

எல்லோரும் போன பிறகு பெரியவள் வலியில்லாமல் முடிக்கும் மருந்தை எடுத்து வைத்து, மேசையில் மெல்லிய துண்டை விரித்தாள். மற்ற எலிகள் பார்க்கக் கூடாது, வாசனையும் எட்டக் கூடாது என்பதால் பக்கத்துச் சிறிய அறையில்தான் இதைச் செய்வார்கள். முதல் கூண்டைக் கொண்டுவரத் திரும்பியபோது சின்னவள் கூண்டோடு வாசலில் நின்றாள். புதுக் கையுறை போட்டிருந்தாள்.

"நீ வெளில இரு. நான் பாத்துக்கறேன்" என்றாள் பெரியவள்.

சின்னவள் கேட்காதவள் போல உள்ளே வந்து கூண்டைத் திறந்தாள். முதல் குட்டியை எடுத்து, தோள்பட்டையை விரல்களுக்கு நடுவில் வைத்து, நீட்டினாள். அத்தனை வாரங்கள் தினமும் மருந்து கொடுத்த கை. குட்டிகள் அந்தக் கைக்குப் பழகியிருந்தன, திமிறவில்லை. பெரியவள் ஊசியைச் செலுத்தினாள். சின்னவள் அது அடங்குகிற வரை உள்ளங்கையிலேயே வைத்திருந்து, பிறகு துண்டில் படுக்கவைத்தாள். அடுத்ததை எடுத்தாள். பாத்திரம் தேய்ப்பதும் அலசுவதும் போல ஒருத்தியின் கை நிற்கிற இடத்தில் இன்னொருத்தியின் கை தொடங்கியது. வேலையின் ஒழுங்கு அவர்களை விட்டுப் போகவில்லை.

கடைசிக் குட்டியை எடுத்தவள் நீட்டவில்லை. அதை இடது கையில் மார்போடு வைத்துக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்து பெரிய அறைக்குப் போனாள். பெரியவள் ஊசியோடு நின்றாள். எங்கே போகிறாள், என்ன செய்யப் போகிறாள் என்று புரியவில்லை. கண்ணாடி வழியே பார்த்தாள். சின்னவள் இடப்பக்க அடுக்கில் ஒரு கூண்டைத் திறந்து, மருந்தே கொடுக்காத குட்டி ஒன்றை வலது கையால் எடுத்தாள். அது அவள் விரல்களைச் சுற்றி வாலைப் போட்டுக்கொண்டு மணிக்கட்டுக்கு ஏறப் பார்த்தது. இரண்டு உள்ளங்கைகளையும் அருகருகே வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அசையாமல் நின்றாள். தராசில் தினமும் நிறுத்தவள்தான். ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தாள். இரண்டையும் ஒன்றாகத் தூக்கிப் பார்த்ததில்லை. வலது கை தானாகத் தாழ்ந்தது.

வளர்ந்ததைக் கூண்டில் விட்டு மூடினாள். திரும்பி வந்து மற்றதை நீட்டினாள். பெரியவள் ஊசியைச் செலுத்தினாள். அதுவும் அடங்கியது.

துண்டின் நான்கு மூலைகளையும் மடித்து மூடியது சின்னவள்தான். கையுறைகளைக் கழற்றித் தொட்டியில் போட்டாள். மேலங்கியைக் கழற்றி, உட்புறம் வெளியே தெரியும்படி சுருட்டிக் கூடையில் வைத்தாள். குழாயடியில் கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு சிவந்திருந்தது.

பெரியவள் ஊசிகளை எண்ணி டப்பாவில் போட்டபடி, வருகிற திங்கட்கிழமை மற்ற அடுக்குகளை நிறுக்கும்போது அதே வயது அட்டவணையை எடுத்துத் தருகிறேன், புது மனு எழுதும்போது அதைச் சேர்த்துக்கொள், மனுவை மட்டும் என்னிடம் காட்டாதே, நான் மறுபடி வராந்தாவில்தான் உட்காருவேன் என்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னாள்.

சின்னவள் கைகளைத் துடைத்துக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்ததா, களைப்பா, வேறு ஏதாவதா என்று பெரியவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, உள்கதவைத் திறந்து வந்து, அது முழுக்க மூடுகிற வரை விதிப்படி நின்று, வெளிக்கதவைத் திறந்துகொண்டு போனாள்.